ஐந்தருவியில் அப்பாவின் மைக்

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது என்று பள்ளித் தோழி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, கீழே ஒரே தலைகள். 'வாட்டீ, ஒருநாள் போவோம்' என்று கூடவே ஒரு வரி. எனக்குத் தண்ணீர் கண்ணில் படவில்லை. பின்னால் ஓடிய ஸ்பீக்கர்தான் காதில் விழுந்தது. "உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு" என்று ஒரு பெண் குரல். அது முடிந்ததும் நேந்திரங்காய் சிப்ஸ் விளம்பரம். மறுபடியும் உடைமை. அந்தக் குரல்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. ஸ்பீக்கரோடு சண்டை போடுகிறாளே என்று நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

அப்பா தென்காசியில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை விழா எல்லாவற்றுக்கும் போய் ஸ்பீக்கர் குழாய் கட்டுவார். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் மட்டும் சனி, ஞாயிறு கடை பூட்டிவிடும். ஒரு மைக்கையும் ஆம்பிளிபயரையும் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விடுவார், கூட்டத்தில் தொலைந்துபோகிற பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பதற்கு. யாரும் கூப்பிட்டுப் போனதில்லை, யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இதே கதை. ஆடி மாதம் ஊரெல்லாம் அம்மன் கொடை, மைக் செட்காரன் நாலு காசு பார்க்கிற மாதமே அதுதான் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நாலு கம்பு நட்டு ஓலை போட்ட கொட்டகை. உள்ளே ஈரத்துணி, தேங்காயெண்ணெய், மிளகாய் பஜ்ஜி மூன்றும் கலந்த ஒரு வாசம். இன்றைக்கும் மழைநாளில் துணி காயாமல் நாறினால் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும். அருவியில் தொலைகிற பிள்ளைக்கு அடையாளமே இருக்காது. எல்லாம் ஜட்டியோடு, தலை நனைந்து, உதடு நீலம் பாய்ந்து ஒரே மாதிரி நிற்கும். அப்பா பேர் என்ன என்றால், அப்பா என்று சொல்லும்.

"பேரக் கேட்டா பயந்து வாய மூடிக்கிடும். காலைல என்ன தின்னேன்னு கேளு, சொல்லும்" என்பார் அப்பா.

பிறகு மைக்கில் மூன்று தடவை அறிவிப்பார். "காலைல பூரி தின்ன பாப்பா ஒண்ணு நம்மகிட்ட பத்திரமா இருக்கு. பூரி வாங்கிக் குடுத்த அப்பா எங்கன இருந்தாலும் வாங்க." கூட்டமே சிரிக்கும். ஒரு ஆள் மட்டும் அழுதுகொண்டே ஓடிவருவார்.

சும்மா சொல்லக்கூடாது, வீட்டிலும் அவர் ஒரு குறை வைத்ததில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டதே அவர்தான். மைக் வயர் சுற்றுகிற கையாயிற்றே, ஒரு முடி பிசகாது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சாப்பாடு. ஆனால் சீசன் வந்தால் அவர் ஊருக்கு அப்பா ஆகிவிடுவார். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான், கொட்டகையில் போய் உட்கார்ந்ததோடு சரி, அப்பாவோடு ஒருநாள்கூட அருவியில் குளித்ததில்லை.

நடுங்குகிற பிள்ளைகளுக்குப் போட என்று எங்கள் பழைய துணிகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போவார். ஒருதடவை என் தீபாவளிக் கவுனும் அதில் போய்விட்டது. மஞ்சள் கவுன், இரண்டே தடவை போட்டது. சிவகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

"அது அப்பனத் தொலைச்சிட்டு நின்னுச்சுட்டி. ஒனக்குத்தான் நான் இருக்கேன்லா?" என்றார்.

மறுநாள் அவரிடம் தலையைக் கொடுத்துப் பின்னிக்கொண்டேன்.

ஊர் அவருக்கு நிறையப் பொன்னாடை போர்த்தியது. ஒன்று எங்கள் டிவிக்கு உறை, ஒன்று தையல் மிஷினுக்கு. வயதாகி அவர் போவதை நிறுத்தியதும் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. நான் சென்னைக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். போன வருஷத்துக்கு முந்திய சீசனில் எனக்கு ஒரு ஆசை வந்தது. ஒருதடவையாவது அப்பாவோடு ஐந்தருவியில் குளித்துவிட வேண்டும் என்று கூட்டிப்போனேன். அதே வருஷம் கார்த்திகையில் அவர் இறந்துபோனார்.

என் புத்தியைச் சொல்ல வேண்டும். அங்கே ஆண்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், போய் நின்ற பிறகுதான் உறைத்தது. ஆண்கள் வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்றவரிடம், "அண்ணாச்சி, எங்கப்பாவக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க, மறதி உண்டு" என்றேன். அவரும் தலையை ஆட்டினார். நான் பெண்கள் பக்கம் போனேன். தண்ணீர் சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

வெளியே வந்தால் அப்பா இல்லை. அண்ணாச்சியும் இல்லை. ஸ்பீக்கர் மட்டும் உடைமை, உடைமை என்று கத்திக்கொண்டிருந்தது. சத்தம் வந்த அறைக்கு ஓடினேன். உள்ளே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். "தம்பி, எங்கப்பாவக் காணும். மைக்ல ஒருவாட்டி சொல்லுங்க."

"மைக் கிடையாது மேடம். இது ரெக்கார்டிங், பென் டிரைவ்ல ஓடுது. அவங்களுக்குப் போன் போடுங்க."

"அவருட்ட போன் இல்ல."

"போன் இல்லாம எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றான்.

இரண்டு மணி நேரம் தேடினேன். பழைய கொட்டகை இருந்த இடத்தில் ஒரு சிப்ஸ் கடை வந்திருக்கிறது. அதன் ஓரத்தில் தரையில், ஈர வேட்டியோடு, உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிச்சைக்காரர் என்று நினைத்து யாரோ பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட்டை முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தலை துவட்டிய மனிதர்! அவருக்கு ஒரு காய்ந்த துண்டு கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"எந்திரிங்கன்னா எந்திரிக்க மாட்டேங்காரு. பாத்துக் கூட்டிட்டு வரப்புடாதாக்கா?" என்றார் கடைக்காரர்.

நான் அப்பா முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் தன் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து என் தலையில் போட்டார்.

"அழாத தாயி. ஒங்கப்பா இங்கனதான் எங்கயாவது நிப்பாரு."

"அப்பா, நான்தாம்ப்பா."

"காலைல என்ன தின்ன?"

"இட்லி" என்றேன். நான் பிய்த்துப் போட்டு அவரும் அதைத்தான் தின்றிருந்தார்.

கையை மடக்கி வாய்க்கு நேரே பிடித்தார். "காலைல இட்லி தின்ன பாப்பா ஒண்ணு நம்மகிட்ட பத்திரமா இருக்கு. இட்லி வாங்கிக் குடுத்த அப்பா எங்கன இருந்தாலும் வாங்க."

சிப்ஸ் விளம்பரச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வழக்கப்படி மூன்று தடவை சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.