வெண்கலச் சக்கரத்துக்கு எந்த எண்ணெய்?

கந்தகம் கலந்த கியர் ஆயிலின் வாடை, நாள்பட்ட பூண்டும் கரிந்த ரப்பரும் சேர்ந்தாற்போல இருக்கும். தொண்ணூறுகளில், எங்கள் டில்லி ஜனக்புரி வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே வருவது அந்த வாடைதான். அதற்குப் பின்னால் அவர் வருவார்.

அவர் என்றால் என் கணவர். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவர். மாயாபுரியில் ஒரு பிஸ்கெட் தொழிற்சாலையின் பராமரிப்பு அவர் பொறுப்பு. நான் வேதியியல் முதுகலை. மசகு எண்ணெய்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். எங்களுக்குத் திருமணம் செய்துவைத்தவர்கள் ஜாதகங்களைத்தான் பொருத்திப் பார்த்தார்கள். பாடத்திட்டங்களைப் பார்க்கவில்லை.

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன் ஒரு மாலை… அவர் சட்டையில் வாடை வழக்கத்தைவிடத் தூக்கலாக இருந்தது.

"இன்னைக்கு எதுக்குங்க ஆயில் மாத்துனீங்க?"

"ஓவன் பெல்ட் கியர்பாக்ஸுக்கு. ஈ.பி. ஆயில். எம்புட்டு லோடு குடுத்தாலும் தாங்கும்."

"அதுக்குள்ள வெண்கலச் சக்கரமில்லீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

அதற்குத்தான் எல்லாமே. எஃகுப் பல்லோடு எஃகுப் பல் மோதும் பெட்டிக்கு ஈ.பி. எண்ணெய் நல்லது, அதிலுள்ள கந்தகம் கவசம்போல நின்று பல்லைக் காக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் ஓர் எஃகுத் திருகு வெண்கலச் சக்கரத்தை உராய்ந்து உராய்ந்து சுற்றும். சூடேறினால் அதே கந்தகம் வெண்கலத்தை அரிக்கத் தொடங்கும். அந்தச் சக்கரம் போனால் பெல்ட் நிற்கும். ஓவனுக்குள் இருக்கும் பிஸ்கெட் அத்தனையும் கரி.

அதுவும் தீபாவளி ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். இதைவிடச் சின்ன விஷயத்துக்கு முந்தைய பராமரிப்பு அதிகாரியை வீட்டுக்கு அனுப்பியவர் முதலாளி லாலாஜி. இவருக்கும் அதே கதி என்றால், டில்லியை விட்டுப் பெட்டி கட்டவேண்டியதுதான்.

"அதை வடிச்சுப்போட்டு வேற ஊத்துங்க," என்றேன்.

"தீபாவளி நேரத்துல லைனை நிறுத்துறதா? லாலாஜி என்னையத் தூக்கி ஓவன்ல வெச்சுப்போடுவாரு. புஸ்தகத்தப் படிச்சுப்போட்டு என் மெஷினப் பத்திப் பேசாத."

"மெஷின் உங்களுதுங்க. வெண்கலம் என்னோட சப்ஜெக்ட்."

"அப்படியா? காட்டு பாக்கலாம்."

மறுநாள், நான் கேட்காமலேயே, முன்பு கழற்றிப்போட்ட பழைய சக்கரத்தின் உடைந்த துண்டு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதை ஆய்வகத்தில் இரண்டாக அறுத்து, மெருகேற்றி, ஒன்றை அவருடைய எண்ணெயிலும் மற்றதை நான் சொன்ன, கந்தகம் கலக்காத கெட்டி எண்ணெயிலும் மூழ்கவைத்துச் சூடாக்கினேன். சில நாட்களில் என் எண்ணெயில் கிடந்தது புளி போட்டுத் தேய்த்த பாத்திரம்போலப் பளபளவென்று இருந்தது. மற்றது கறுத்துப்போய், தொட்டால் பொடி உதிர்ந்தது.

இரண்டையும் ஒரு காகிதத்தில் வைத்து, அன்று அவருடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கறுத்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"ரசம் ஊத்து," என்றார்.

எங்கள் வீட்டில் தோல்வியை அறிவிக்கும் முறை அது.

அடுத்த நாள் காலை லைனை நிறுத்திவிட்டார். வடித்த எண்ணெயை வெயிலில் பிடித்தபோது வெண்கலத் துகள் தங்கத்தூள்போல மின்னியதாம். நல்லவேளை, சக்கரத்தின் பற்கள் தப்பியிருந்தன. நான் சொன்ன கெட்டி எண்ணெயை ஊற்றினார், ஓவன் ஓடியது, தீபாவளி கழிந்தது.

அன்று நடந்ததை அவரோடு வேலை பார்த்த சர்தார்ஜி ஒருவர் பிறகு வந்து சொன்னார்: "பாபிஜி, லாலாஜி 'கிஸ்னே கஹா, யார் சொன்னது?'ன்னு கத்தினாரு. இவர் அசையலை. 'லேப்ல இருந்து ரிப்போர்ட் வந்திருக்கு'ன்னாரு."

சர்தார்ஜி கிளம்பும்வரை பொறுத்திருந்து, இவரிடம் திரும்பினேன்.

"லேபா? ஏனுங்க, எனக்குப் பேர் கிடையாதா?"

"பொண்டாட்டி சொன்னான்னா லைனை நிறுத்த உடுவாரா? லேப்னு சொன்னா உடுவாரு."

உண்மைக்கு எதிராக வாதாடும் பழக்கம் எனக்கில்லை.

ஜனவரியில், டில்லிப் பனிமூட்டத்தில், ஆபீசுக்கு போன் வந்தது. "உன்ற ஆயிலு அல்வாவாட்டம் நிக்குது. மோட்டார் முக்குது. இப்ப லேப் என்ன சொல்லுது?" அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. வழியையும் அவரே கண்டுபிடித்தார். கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு பெரிய பல்பைத் தொங்கவிட்டு, எண்ணெயைச் சூடாக்கிவிட்டு, பிறகு மோட்டாரைப் போட்டார். குளிர்காலம் வந்தால் போதும், அந்தப் பல்பின் பெருமையைக் கேட்டாகவேண்டும்.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் இப்போது துவாரகாவில், அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் லிஃப்ட் முனகத் தொடங்கியது. பழைய மாடல். மொட்டைமாடி அறையில் எட்டிப் பார்த்தால் அதே எஃகுத் திருகு, அதே வெண்கலச் சக்கரம். மெக்கானிக் கையிலிருந்த டப்பாவைத் திருப்பச் சொல்லிப் படித்தேன். ஈ.பி.

"யே நஹி சலேகா," இது சரிவராது என்றேன்.

மெக்கானிக் செல்போனில் எதையோ தட்டிப் பார்த்தார். "ஜி மேடம், ஆப் சஹி ஹைன்," நீங்கள் சொல்வது சரிதான் என்று டப்பாவை மூடிவிட்டு, வேறு எண்ணெய் வாங்கிவரக் கிளம்பினார்.

அவ்வளவுதான்… காட்டு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் நான் சொல்வதை எல்லோரும் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். வயதுக்கு மரியாதையாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முடியாது என்று ஒரேயடியாக மறுத்துவிட்டு, இரவெல்லாம் புரண்டு படுத்து அதையே யோசித்து, விடிந்ததும் போய் லைனை நிறுத்துகிற மனிதர் ஒருவர் இருந்தார்.