பக்கத்து நாற்காலிக்கும் சேர்த்து

காமாட்சியை நம்பி வாழும் எல்லோருக்கும் வணக்கம். எதையும் பத்து தடவை யோசித்துப் பயப்படுகிறவள் நான். இதை எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

போன சித்திரையில் என் கணவர் வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பி.காம். படித்த எனக்குச் சென்னையில் வேலை கிடைப்பதாக இருந்தது. ஆனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். பால் மறக்காத மகளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? போகாவிட்டால் வீடு எப்படி நடக்கும்? அவளைத் தூங்க வைத்துக்கொண்டே அழுவேன்.

"வேலையும் கொடு, பிள்ளையையும் பிரிக்காதே" என்று அம்மனிடம் கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணைக் கேளுமா. அவளே கொழம்பிடப் போறா" என்று கணவர் சிரித்தார்.

ஆடி மாதம், ஒரு நிதி நிறுவனம் நம் ஊரில் புதுக் கிளை திறக்க ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. நேர்காணலுக்குப் போனால் படி வரைக்கும் கூட்டம். பாதிப் பேர் நெற்றியில் அம்மன் கோயில் குங்குமம். இந்த ஊர்ச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி கிடையாது. எல்லோருக்கும் இவள் ஒருத்திதான் தாய். இத்தனை பேரும் இவளிடம்தானே கேட்டிருப்பார்கள்? "என்னை மட்டும் பாரம்மா" என்று முணுமுணுத்தேன்.

வெளியே கணவர் கையில் இருந்த மகள் வீறிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்து, என் பேரும் போன் நம்பரும் கேட்டுப் பேசிக்கொண்டிருந்த தாமல் கிராமத்துப் பெண் தேவகி, "போய்ப் பால் குடுத்துட்டு வாமா. கூப்ட்டா நான் சொல்றேன்" என்றாள்.

சொல்வாளா? அவளுக்கும் இதே வேலைதானே வேண்டும்? நாங்கள் வந்த ஆட்டோவில் உட்கார்ந்து பால் கொடுத்தபோதும் கண் வாசலிலேயே இருந்தது.

தேவகி படியில் ஓடி வந்தாள். "உன் பேரத்தான் கூப்டுறாங்க! 'தோ வந்துடுவா சார்'னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். இன்னாமா பாத்துக்கினு இருக்கிற, ஓடு!"

உள்ளே போகும்போது என் வேண்டுதல் மாறிவிட்டது. அம்மா, அவளுக்கும் கொடு.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு வேலை உறுதியானது. தேவகியிடம் எப்படிச் சொல்வது என்று போனைக் கையில் வைத்துத் தவித்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள். "எனக்கும் வந்துடுச்சுமா! வாலாஜாபாத்லயும் தொறக்கறாங்களாம், கூட ஆள் வேணுமாம்!" போனிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது மதியம் வீட்டுக்கு வந்து மகளுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். கணவர் அவளைப் பார்த்துக்கொண்டே வேலை தேடுகிறார். அதுவும் கிடைக்கும்.

என் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் சந்நிதியில் எனக்காகக் கேட்டு முடித்ததும், பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். உங்களுக்காகவும் அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.