தட்டிப் பார்க்காத ஐஸ்

ஜெகதாப்பட்டினத்தில் எனக்கு ஒரு சின்ன ஐஸ் கம்பெனி. கரண்ட் போய்விட்டால் என் கால் ஓரிடத்தில் நிற்காது. வாசலுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். கடலோரத்தில் நிலக்கரி மின் நிலையம் வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது ஊரே வேண்டாம் என்றது. வரட்டும் என்ற ஒரே ஆள் நான்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசப் பெயரும் கொடுத்துவிட்டேன்.

விசைப்படகு வைத்திருக்கும் என் தம்பி எதிர்க்கட்சி.

"சுடுதண்ணிய கடல்ல விட்டா எறா நிக்குமாண்ணே?"

"ஐஸ் இல்லாம எறாவ மடியிலயா கட்டிக்கிட்டு வருவ?"

சோற்றில் கை வைத்தால் இதே சண்டைதான். ஆனாலும் ஐஸ் என்னிடம்தான் எடுப்பான். மற்றவர்கள் ஒவ்வொரு ஐஸ் பாரையும் கொக்கியால் தட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். நடுவில் உறையாமல் தண்ணீராக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தம்பி ஒருநாளும் தட்டியதில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் காலையில் வெகுநேரம் கரண்ட் இல்லை. படகு கிளம்பும் நேரத்தில் தம்பி வந்து நின்றான். ஐஸ் உறையட்டும், கொஞ்சம் பொறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பேசப்போவதை மனப்பாடம் செய்தபடி நடந்துகொண்டிருந்தவன், "எடுத்துக்கடா" என்று கையைக் காட்டிவிட்டேன். பார் பாராக ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை தலை கறுத்த இறாலோடு திரும்பினான். வியாபாரி தொடவே இல்லை. தம்பி என்னிடம் வராமல் நேரே கூட்டத்துக்கு வந்துவிட்டான்.

அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஐஸைச் சொல்லி என் மானத்தை வாங்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கடலைப் பற்றி மட்டும் பேசினான். அடுத்து நான். கரண்ட் இல்லாவிட்டால் மீன் கெடும் என்று எழுதி வைத்திருந்தேன். அதற்குத் தம்பியின் இறாலைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதை நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

"இன்னைக்கி என் தம்பி எறா கெட்டுச்சுங்க. கரண்டு போனது நெசம். ஒறையாத ஐஸுன்னு சொல்லாமக் குடுத்தது நாந்தான்."

"மின் நிலையத்தப் பத்திச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"வேணுமா வேண்டாமான்னு இப்பத் தெரியலைங்க." உட்கார்ந்துவிட்டேன்.

இன்றும் தெரியவில்லை. திட்டமும் முடிவாகவில்லை. கரண்ட் வந்ததும் மனசு குளிர்கிறது. மறுநிமிடமே, இதற்கான கரி வேறு எந்தக் கரையில் எரிகிறதோ, அங்கே எவன் தம்பி வலை இழுக்கிறானோ என்று அரிக்கிறது. மறுபடி நடக்க ஆரம்பிக்கிறேன்.

அடுத்த தடவை கடலுக்குப் போகும் முன் தம்பி வந்தான். அண்ணியை விசாரித்தான், டீ வாங்கித் தரச் சொல்லிக் கிண்டலடித்தான், எல்லாம் பழையபடிதான். பிறகு கொக்கியை எடுத்து ஒவ்வொரு பாராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான்.

"எல்லாம் கெட்டியாத்தாண்ணே இருக்கு" என்றான்.