எதிர்க்கடையின் பந்துக்கூடை

கடை வைத்துப் பிழைப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: எதிர்க்கடையில் கூட்டம் நின்றால் நம் கடையில் கடிகாரச் சத்தம் பெரிதாகக் கேட்கும். திண்டுக்கல்லில் கிரிக்கெட் கிளப் பயிற்சிக்கான மலிவு விலைத் தோல் பந்து விற்கிறேன். தெருவுக்கு அந்தப் பக்கம் அந்தோணியும் அதையே விற்கிறார்.

தராசும் வளையமும்

சரக்கு வந்ததும் ஒவ்வொரு பந்தையும் தராசில் வைப்பேன். இரும்பு வளையத்துக்குள் நுழைத்து உருட்டுவேன். கோணல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். தேறியதை அட்டைப்பெட்டியில் போட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். கை வேர்வை பட்டால் மெருகு மங்கிவிடும்.

அந்தோணி மூட்டையை அவிழ்த்து வாசலில் ஒரு மூங்கில் கூடையில் கொட்டிவிடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் கூட்டம் அங்கேதான். ஒருநாள் பொறுக்காமல், "எடையாவது பாக்கக் கூடாதா அந்தோணி?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்புட்டையும் நானே பாத்துட்டா, வாங்குறவனுக்கு என்னண்ணே வேலை?" என்றார்.

பாடம் இங்கே, வியாபாரம் அங்கே

சேகர் ஒரு கிளப்பின் பயிற்சியாளர். வலைப்பயிற்சிக்கு வருஷம் முழுக்கப் பந்து வாங்கும் ஆர்டர் அவர் கையில். அது கிடைத்தால் என் கடை நிற்கும். இல்லாவிட்டால் வாடகைக்கே திண்டாட்டம். ஒருநாள் பவுலர்களோடு என் கடைக்கு வந்தவர், முதலில் ஒரு மூட்டை வாங்கிப் பார்ப்பதாகவும், மழைக்காலம் முடிந்ததும் ஆர்டரை முடிவு செய்வதாகவும் சொன்னார்.

எனக்குப் பேச்சு வராது. அன்று பேசினேன். பயிற்சிக்கு இரண்டு துண்டுத் தோலில் தைத்த பந்து போதும், விலையும் குறைவு. நான்கு துண்டுப் பந்தை மேட்சுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டீ ஆறும்வரை விளக்கினேன். "எடுத்துப் பாக்கலாமாய்யா?" என்றார். "கை படக் கூடாது தம்பி" என்றேன்.

எழுந்து தெருவைக் கடந்தார். கூட வந்த பவுலர்கள் அந்தோணியின் கூடையில் கைவிட்டு, ஆளுக்கொரு பந்தை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார்கள். மூட்டை வண்டியில் ஏறியது. சேகர் அங்கிருந்தே கையாட்டி, சந்தோஷமாகக் கத்தினார்:

"ஐயா, நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு துண்டுப் பந்தாத்தான் வாங்கியிருக்கோம்!"

கத்தரிக்காய் நியாயம்

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர், வேகப்பந்து வீசும் தன் மகளோடு வந்தார். பெட்டியை நீட்டினேன். அந்தப் பெண் அதைத் திறக்கப் போனாள். என் கை தானாக நீண்டு மூடியை அழுத்திக்கொண்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை.

"ஏனுங்க, கத்தரிக்காயவே அழுத்திப் பாத்துத்தானுங்க வாங்குறோம். புள்ள வெரலு தையல்ல உக்காருதான்னு பாக்காம பந்த எப்படிங்க வாங்குறது?"

கூடை இங்கேயும்

மறுநாள் அலமாரியைத் திறந்தேன். நானும் ஒரு மூங்கில் கூடை வாங்கி, தேறிய பந்துகளை அதில் வைத்தேன். கொட்ட மனம் வரவில்லை. தையல் மேலே தெரியும்படி அடுக்கினேன். எதிரிலிருந்து அந்தோணி சிரித்தார். நான் பார்க்காத மாதிரி தூசி தட்டினேன்.

மழை முடிந்து சேகர் வந்தார். முன்பு வாங்கிய மூட்டையில் பாதி, ஈரத்தில் அடிபட்டு முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டதாம். பவுலர்கள் என் கூடையில் கைவிட்டார்கள். என் அடுக்கு ஒரு நிமிஷத்தில் கலைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எடுத்த பந்தை ஒருவரும் திரும்ப வைக்கவில்லை. அவர்களில் நெட்டையாக இருந்தவன் ஒரு பந்தை மூக்கருகே வைத்துத் தோல் வாசனை பிடித்துவிட்டுக் கேட்டான்:

"ஏய்யா, இம்புட்டு நல்ல பந்தையா இத்தன நாளாப் பூட்டி வச்சிருந்தீக?"

வருஷ ஆர்டர் இப்போது எனக்குத்தான். ஆனால் பந்தை இங்கே வாங்கிக்கொண்டு சேகர் டீ குடித்து அரட்டையடிக்க அந்தோணியிடம்தான் போகிறார், அதையும் நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.