மேற்குச் சன்னலில் படிந்த தூசி

அன்றைக்கு என் மகளின் மூச்சுக்குள் போனது எது? வேதியியலில் முதுகலை படித்த எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆனி பிறந்தும் சாரல் விழவில்லை. தென்காசியில் மேற்கே மலையிலிருந்து வரும் மேல்காற்று மட்டும் வறட்டுத்தனமாக வீசியது. சாலையை அகலப்படுத்தத் தோண்டிய மண்ணையும், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலைக் கேரளத்துக்கு ஏற்றிப்போகும் லாரிகளின் பொடியையும் வாரிக்கொண்டு வந்தது. நான் சன்னல்களை அடைத்தேன். மாமியார் திறந்தார்.

"ஊரு ஊரா இந்தக் காத்துக்குன்னு பஸ் ஏறி வாரான். நீ என்னட்டி அடைக்கே? ஐந்தருவிக் காத்துல்லா, பிள்ளைக்கு மருந்து."

"வார வழியில லாரியும் நிக்குல்லா அத்தே?"

"படிச்ச பிள்ளைக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்!"

அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்று தோன்றியது. என் கணவர் அந்தக் காற்றில் வளர்ந்தவர்தானே. தொட்டிலை மேற்குச் சன்னல் ஓரம் நகர்த்தியது நான்தான்.

அன்று மாலையில் குழந்தை மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்தாவி கொடுத்தார்கள்.

"வீட்டுல தூசி உண்டா?" என்றார் டாக்டர்.

"எந்தத் தூசி டாக்டர்?"

"எந்தத் தூசின்னாலும் ஆகாதும்மா."

மறுநாள் சன்னல் கட்டையில் படிந்திருந்ததை வெள்ளைத் தாளில் தட்டி எடுத்தேன். தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினேன். சில கருந்துகள்கள் கூடவே ஊர்ந்தன. இரும்பு. ஓரத்தில் எலுமிச்சைச் சாறு விட்டேன், லேசாக நுரைத்தது. சுண்ணாம்பு, இல்லையென்றால் சிமெண்ட். மீதி சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தது. டீசல் கரியா, வெறும் மண்ணா, கல் பொடியா? கல் பொடியின் சிலிக்கா என்றால் நுரையீரலிலேயே தங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கச் சமையலறையில் வழியில்லை. ஆழமாக உள்ளே போகும் துகளோ கண்ணுக்கே தெரியாது.

"என்னட்டி, மண்ணுக்கு எலுமிச்சம்பழம் பிழியுதே? எனக்குச் சோறு உண்டா?" என்று கணவர் சிரித்தார். உள்ளே குழந்தை இருமியது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாச் சன்னல்களையும் அடைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டியதும் அத்தை வழக்கம்போல் சாம்பிராணிப் புகை காட்டினார். அடைத்த வீட்டில் புகை போக இடமில்லை. மறுபடியும் இழுப்பு. தொட்டிலை நகர்த்திய அன்று காலையிலும் புகை காட்டினோமே என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் தூசியா, புகையா?

இப்போது சாரல் விழுகிறது. தெருவில் எல்லா வீட்டுச் சன்னல்களும் திறந்திருக்கின்றன. நான் கொக்கியில் கை வைத்தபடி நிற்கிறேன். உள்ளே சாம்பிராணி மணக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இழுப்புள்ள குழந்தையை மேல்காற்றுக் காலத்தில் வளர்த்தவர்கள் சொல்லுங்கள். சன்னலை எப்போது திறந்தீர்கள், எப்போது அடைத்தீர்கள்? புகை வேண்டாம் என்று வீட்டுப் பெரியவரிடம் மனம் நோகாமல் எப்படிச் சொன்னீர்கள்? மீதித் தூசியை அந்தத் தாளிலேயே மடித்து வைத்திருக்கிறேன். எங்கே கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள்?