முதலில் வந்த மாமியார்

தெருவில் அந்த வீட்டு மருமகளுக்குப் ‘பூஜ்யம்’ என்று பட்டப்பெயர். வலைப்பக்கங்களுக்கு நிரல் எழுதுவது அவள் பிழைப்பு. அந்த உலகத்தில் வரிசையில் முதலில் நிற்பவருக்கு எண் பூஜ்யம், அடுத்தவருக்குத்தான் ஒன்று. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மாடிப்படி ஏறினாலும் துணி காயப்போட்டாலும் பூஜ்யத்தில்தான் எண்ண ஆரம்பிப்பாள்.

“மனுஷங்க மாதிரி ஒண்ணுலேருந்து எண்ணேன்டி,” என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள். மாமியாரும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கே போனாலும் முதல் ஆளாக நிற்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. “பொட்டியைத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையா?” என்று அவள் கேட்பதுதான் மருமகளுக்கு முள்ளாகக் குத்தியது. ஒரு தடவையாவது அந்த வாயால் நல்ல வார்த்தை வாங்கிவிடத் துடித்தாள்.

அதனால்தான், பல் டாக்டரிடம் அடுத்த ஆளைக் கூப்பிடும் திரைக்கு அவள் நிரல் எழுதிக் கொடுத்த சமயம் பார்த்து மாமியாருக்குக் கடைவாய்ப் பல் வலி எடுத்ததை அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள்.

“வாங்க அத்தை, என் வேலையைக் கண்ணால பாருங்க.”

மாமியார் முண்டியடித்து முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். திரை, பின்னால் வந்த தையல்காரரைக் கூப்பிட்டது. பிறகு ஒரு போலீஸ்காரரை. மாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரையையும் மருமகளையும் மாறி மாறி முறைத்தாள். எல்லோரும் போய் அவள் மட்டும் மிஞ்சியதும் திரை வெறுமனே நின்றது.

“உன் பொட்டிக்கு என் பேரு மட்டும் கசக்குதா?”

மருமகளுக்கு உயிரே போயிற்று. மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். ஆளை எடுக்கும் வரியில் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று என்று இருந்தது. முதல் ஆளை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் இரண்டாவது ஆளையே அது எடுத்திருக்கிறது. மாற்றிய மறுகணம் மாமியார் பெயர் பளிச்சென்று வந்தது.

பல் போய், வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தாள் மாமியார். கொஞ்ச நேரம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

“தப்பு என்னோடதுதான் அத்தை. கூப்பிடுறது மனுஷங்களைத்தானேன்னு, நீங்க சொன்ன மாதிரி ஒண்ணுலேருந்து எண்ணிட்டேன். கல்யாணம் ஆனதிலேருந்து இந்த ஒரு தடவைதான் உங்க பேச்சைக் கேட்டிருக்கேன்.”

மாமியார் கண்ணை உருட்டினாள். வழி முழுக்கத் திரும்பியே பார்க்கவில்லை. வீட்டு மாடிப்படியில் முதல் அடி வைத்ததும் நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வட்டமாகச் சேர்த்து மருமகளிடம் காட்டினாள். அடுத்த படியில்தான் ஒரு விரலை நீட்டினாள்.