ஒரு நிமிடம் ஐம்பது நொடி

என் அத்தா ஜெகபர் அலி, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் முப்பத்தொரு வருடம் தரம் பிரித்தவர். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து இரு பக்கமும் பார்ப்பார். முதலாளி அவசரப்படுத்தினால், "செத்த நேரம் பொறுங்க பாய். தோலு ஏற்கெனவே நாறுது, உங்க பேரும் நாறணுமா?" என்பார்.

போன ரமலானில் அவருக்குச் சோறு நெஞ்சிலேயே நின்றது. எடை இறங்கியது. ஒரு தனியார் மருத்துவமனையில் காலை ஒன்பது மணிக்கு, குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி.

"வெறும் வயித்தோட வரணுமாம்மா" என்றார் போனில்.

"அதான் நோன்பு வச்சிருக்கீங்களே அத்தா" என்றேன்.

நான் கோவையில் எண்டோஸ்கோபிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர். சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நோன்பு தொடங்குமுன், விடிகாலை நாலரை மணிக்கு அவர் சஹர் சோறு சாப்பிட்டிருப்பார் என்பது தோன்றவில்லை. நர்ஸிடமும் "நோன்பும்மா" என்றிருக்கிறார். அவள் வெறும் வயிறு என்று எழுதிக்கொண்டாள்.

ரிப்போர்ட்டில் 'லேசான இரைப்பைப் புண்' என்றிருந்தது. ஏழு மாதம் கழித்து மதுரையில், இரைப்பையின் மேல்பகுதியில் புற்றுநோய் என்றார்கள். ஈரலுக்கும் பரவியிருந்தது. ஐந்து வாரம் இருந்தார்.

அடக்கம் முடிந்ததும் அந்த எண்டோஸ்கோபிப் படங்களைக் கேட்டு வாங்கினேன். பத்துப் படமாவது இருக்க வேண்டும், மூன்று இருந்தன. குழாயை உள்ளே விட்டு ஏழு நிமிடமாவது பார்க்க வேண்டும். படங்களில் பதிந்திருந்த நேரப்படி, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே ஒரு நிமிடம் ஐம்பது நொடி. மூன்றாவது படத்தில், மேல்பகுதியை மூடிக்கொண்டு சோறு. அங்கேயே நிறுத்தி, இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த எண்டோஸ்கோபியைச் செய்த டாக்டர் இனிகோவை நேரில் பார்த்தேன்.

"வெறும் வயிறுன்னு சொன்னது உங்க அப்பாதாம்மா."

"சோறு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சுல்ல டாக்டர்?"

"அன்னைக்கு இருபத்தாறு கேஸு. மிஷின் ரிப்பேர் பாக்குறவங்களுக்கு இது புரியாது."

"மிஷின்ல டைம் எப்படிப் பதியும்னு புரியும்."

அவர் சிரித்தார். "நோன்போட போகச் சொன்னதே நீங்கதானாமே. உங்கம்மா இங்க வந்து அழுதப்ப சொன்னாங்க. புகார்னு போனா அதையும் நான் சொல்லணும், பாத்துக்கங்க."

வீட்டில் அம்மா, "விட்ரு தஹ்சீன், அல்லா பாத்துக்குவான்" என்றார்.

"அல்லா பாக்கட்டும்மா. கவுன்சிலும் பாக்கட்டும்."

மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதினேன். முதல் பத்தி முழுக்க என் தவறு: தேதி, நேரம், போனில் நான் சொன்ன வார்த்தைகள். இனி அதைக் காட்டி இனிகோ என்னை மிரட்ட முடியாது. இரண்டாவது பத்தியிலிருந்து கடைசிவரை அவர் மட்டும்தான். அவர் பெயருக்கு முன்னாலிருந்து 'டாக்டர்' போகும்வரை விடமாட்டேன்.